வாங்கிய கணினிக்கு மாதச் சந்தாவா? சத்ய நாதெல்லாவுக்கு ஒரு திறந்த மடல்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி
திரு. சத்ய நாதெல்லா அவர்களுக்கு,



2023 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில், ஆக்டிவிஷன் பிளிசார்டை உங்கள் நிறுவனம் வாங்கலாமா கூடாதா என்ற வழக்கு நடந்தது. வீடியோ கேம் கம்பெனி பற்றிய வழக்கு. அதில் சான்றாகத் தாக்கலான காகிதங்களுக்கு நடுவே, ஓராண்டுக்கு முன் உங்கள் அலுவலகத்துக்குள் சுற்றிய ஒரு குறிப்பும் வெளியே வந்துவிட்டது. விண்டோஸை மேலும் மேலும் கிளவுடுக்கு நகர்த்துவது, முழு இயங்குதளத்தையும் இணையம் வழியாகவே எந்தக் கருவிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற யோசனை, வீட்டு வாடிக்கையாளர்களைப் பற்றிய பகுதியில், நீண்டகால வாய்ப்பாக அதில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் மேசையில் இருக்கும் பெட்டிக்கு என்ன நேரப்போகிறது என்பதை ஒரு விளையாட்டுக் கம்பெனி வழக்கின் கட்டிலிருந்து நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இது என் முதல் மனக்குறை. மற்றவை இனி.

வீட்டு விண்டோஸுக்கு இன்று மாதச் சந்தா இல்லை என்பது எனக்கும் தெரியும். நடக்காத ஒன்றுக்கு ஏன் இப்போதே புலம்பல் என்று உங்கள் மக்கள் தொடர்புத் துறையினர் கேட்கலாம். இந்தியாவில் செல்போன் வைத்திருக்கும் எவரும் இதற்குப் பதில் சொல்வார்கள். ‘லைஃப்டைம் வேலிடிட்டி’ என்று விற்ற சிம் கார்டுகள் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தன. அவர்கள் யாரையும் கூப்பிட மாட்டார்கள், பிள்ளைகள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவார்கள், செலவே இல்லை. 2018 இறுதியில் பெரிய நிறுவனங்கள், 28 நாளைக்கு ஒருமுறை 35 ரூபாயாவது போட்டால்தான் இன்கமிங் என்றன. எண் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் போட்டோம். 28 நாள் கணக்கு என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ் என்பதையும் பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். அந்த 35 ரூபாய் இன்று எவ்வளவாகியிருக்கிறது என்பதைத் தெருமுனை ரீசார்ஜ் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே, இன்னும் நடக்கவில்லை என்ற சமாதானம் எங்களிடம் செல்லாது.

உங்கள் பக்கத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, விலை கொடுத்து வாங்கிய விண்டோஸையும் உங்களிடம் அனுமதி பெற்றுத்தான் ஓட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வீடுகளுக்குள் நுழைந்தது. 2011இல் சந்தா முறையில் ஆஃபீஸ் 365 வந்தது. 2013இல் அடோபி நிறுவனம், இனிப் புதிய ஃபோட்டோஷாப் வேண்டுமானால் சந்தாதான் என்று அறிவித்தது. வடிவமைப்பாளர்கள் திட்டினார்கள், பிறகு கட்டினார்கள். மென்பொருள் உலகம் முழுவதும் அதைக் கவனித்துக்கொண்டிருந்தது. 2015இல் விண்டோஸ் 10ஐ ஒரு சேவையாகவே அறிமுகம் செய்தீர்கள்; இதுதான் கடைசி விண்டோஸ் என்று உங்கள் ஊழியர் ஒருவர் மேடையிலேயே சொன்னார். ஆறே ஆண்டில் 11 வந்தது. அதே 2021இல் விண்டோஸ் 365ம் வந்தது. கணினி உங்கள் தரவு மையத்தில் இருக்கும், திரை மட்டும் வாடிக்கையாளரிடம். மாத வாடகை 20 டாலரில் தொடங்கி 160 டாலரையும் தாண்டியது. நிறுவனங்களுக்கு மட்டும் என்றீர்கள். 2025இல் அதற்கென்றே ஒரு குட்டிப் பெட்டியை 349 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தீர்கள். அதில் எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது, ஒரு கோப்பைக்கூடச் சேமித்து வைக்க முடியாது. சந்தாவும் இணையமும் இருக்கும்வரை அது கணினி. ஏதாவது ஒன்று நின்றால் மேசையில் இடத்தை அடைக்கும் டப்பா.

கணக்கு எளிது. விண்டோஸ் 11 ஹோம், அமெரிக்காவில் ஒருமுறை விலை 139 டாலர். முந்தைய பதிப்பு பத்தாண்டு ஓடியது. விண்டோஸ் 365இன் ஆகக் குறைந்த தொடக்க வாடகையைப் பத்தாண்டுக்குக் கட்டினால் 2,400 டாலர். அதில் வன்பொருளுக்கும் பங்கு உண்டு என்பீர்கள், சரி. இருக்கட்டும்.

வீட்டு வாடிக்கையாளர்களுக்கு முதல் பில் 2025 அக்டோபர் 14 அன்று வந்தது. அன்றோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பத்தாண்டு ஓடிய பதிப்பை மூடுவது தப்பில்லை; எக்ஸ்பியையும் 7ஐயும் மூடியபோது உலகம் பொறுத்துக்கொண்டது. இந்த முறை பல கோடிக் கணினிகளுக்கு மேலே ஏறப் படியே இல்லை. 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும் என்று கோடு கிழித்தீர்கள். 2017இல் புதிதாக வாங்கி இன்றும் நன்றாக ஓடும் கணினிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. இப்படி ஒதுக்கப்படும் கணினிகள் ஏறக்குறைய 24 கோடி இருக்கலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியிலேயே கணித்தது.

அவற்றின் சொந்தக்காரர்களுக்கு மூன்று வழி காட்டினீர்கள். 30 டாலர் கட்டினால் ஓராண்டுக்குத் திருத்தங்கள் வரும். அல்லது உங்கள் தேடுபொறியில் தேடித் தேடிச் சேர்க்கும் ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1,000ஐக் கொடுக்கலாம். அல்லது கணினியின் அமைப்புகளை உங்கள் கிளவுடில் காப்பெடுக்கச் சம்மதித்தால் இலவசம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். காசு கட்டுகிறவருக்கும் கட்டாயம். உங்கள் மென்பொருளில் உள்ள ஓட்டையை நீங்கள் அடைப்பதற்கு நான் ஏன் என்னை உங்களிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்? இதற்கு நேரான விடை எங்கும் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு நுகர்வோர் கூட்டமைப்பு கேள்வி கேட்டது. அங்குள்ளவர்களுக்கு மட்டும் காப்பெடுக்கும் நிபந்தனையைத் தளர்த்தி இலவசமாகவே கொடுத்தீர்கள். பாரிஸில் இருப்பவருக்குக் கொடுக்க முடிந்ததைப் பரமக்குடியில் இருப்பவருக்குக் கொடுக்க முடியாதா? அங்கே சட்டம் கேட்கும், இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

விண்டோஸ் 11 ஹோமை நிறுவும்போதே இணையம் வேண்டும், கணக்கு வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு போக விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த சந்துகளை 2025 முழுக்க உங்கள் சோதனைப் பதிப்புகளில் ஒவ்வொன்றாக அடைத்து வந்தீர்கள். கணக்கில்லாமல் ஒருவர் தன் சொந்தக் கணினியைத் திறப்பதில் உங்களுக்கு என்ன நட்டம்?

இதுவரை சொன்னதெல்லாம் காசும் எரிச்சலும். என் பெரிய கவலை வேறு. அதற்கு உதாரணம் தேட உங்கள் தலைமையகம் உள்ள ரெட்மண்ட் வரை போக வேண்டாம், குஜராத் போதும்.

நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனம் உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். வாடினாரில் ஆண்டுக்கு இரண்டு கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அவர்களுடையது. நாடெங்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்குகள் உண்டு. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்துக்கு நயாராவில் 49.13 சதவீதப் பங்கு. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாராமேல் தடை விதித்தது. சில நாட்களில் அவர்களுடைய அவுட்லுக் மின்னஞ்சலும் டீம்ஸும் நின்றுபோயின. இந்தியச் சட்டம் எதையும் அவர்கள் மீறியதாகக் குற்றச்சாட்டில்லை. அமெரிக்காவும் அப்போது அவர்கள்மேல் தடை விதித்திருக்கவில்லை. தடை விதித்தது மூன்றாவது இடத்தில் இருந்த ஓர் அரசுக் கூட்டமைப்பு, நிறுத்தியவர்கள் நீங்கள், மாட்டிக்கொண்டவர்கள் இந்திய மண்ணில் வேலை பார்க்கும் இந்திய ஊழியர்கள். உரிமங்களுக்கு முழுப் பணமும் கட்டியிருந்தும், தங்கள் சொந்தத் தரவைத் தாங்களே எடுக்க முடியவில்லை என்று அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு சூடுபிடிப்பதற்குள், ஜூலை 30 அன்று, சேவை திரும்ப வந்தது. அதே நாளில்தான், அஸூர் கிளவுடின் ஆண்டு வருவாய் 7,500 கோடி டாலரைத் தாண்டியதாக நீங்கள் பங்குதாரர்களுக்கு அறிவித்தீர்கள்.

நயாராவுக்கோ ரோஸ்நெஃப்டுக்கோ நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் பெரிய ஆட்கள், பெரிய வக்கீல்களை வைத்துக்கொள்வார்கள். எனக்கு உறைத்தது ஒன்றுதான்: அந்த நாட்களில் நின்றது மின்னஞ்சல். ஊழியர்களின் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. திறந்தார்கள், தட்டினார்கள், ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததைப் படித்தார்கள். உங்கள் 2022 குறிப்பில் உள்ளபடி இயங்குதளமும் கிளவுடிலேயே இருந்திருந்தால்? கடவுச்சொல் கேட்கும் திரையைத் தாண்டி ஒருவரும் போயிருக்க முடியாது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மனு தட்டுவதற்கே வேறு கணினி தேடியிருக்க வேண்டும். ஓர் எண்ணெய் ஆலைக்கு உயர் நீதிமன்றம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அந்த நிலை வந்தால் அவர் எங்கே போவார்? உங்கள் கஸ்டமர் கேர் சாட் ஜன்னலுக்கா?

இது ஒரு தடவை நடந்துபோன விபத்தும் அல்ல. 2019 அக்டோபரில், அமெரிக்க அதிபரின் ஆணையைக் காரணம் காட்டி, வெனிசுவேலா நாட்டின் வாடிக்கையாளர் கணக்குகள் அனைத்தையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. சில வாரங்களுக்குப் பிறகு அரசிடம் சிறப்பு அனுமதி வாங்கிப் பின்வாங்கியது. அதே ஆண்டு நீங்கள் மின்புத்தகக் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து புத்தகங்கள் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. அலமாரியில் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் ரூபாய் நோட்டை வைத்தால் அது நியாயமான வியாபாரம் என்று எந்த ஊரில் ஒப்புக்கொள்வார்கள்?

சந்தா என்று வந்துவிட்டால் விலை எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆஸ்திரேலியா காட்டிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்தீர்கள், அங்கே தனிநபர் திட்டம் ஆண்டுக்கு 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159க்கு ஏறியது. ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரத்து செய்யுங்கள் என்று சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் போனது. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது: கோபைலட் இல்லாத, பழைய விலையிலேயே உள்ள ‘கிளாசிக்’ திட்டம். ரத்து செய்யும் பொத்தானை அழுத்தி உள்ளே போனவர்களின் கண்ணுக்கு மட்டுமே அது தெரிந்தது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. ஏறக்குறைய 27 லட்சம் பேர் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்பது அதன் புகார். அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டு, பணம் திருப்பித் தர முன்வந்தீர்கள். வேர்டும் எக்ஸெலும் சந்தாவான பிறகு நடந்தது இது. விண்டோஸே சந்தாவாகிவிட்டால், ரத்து செய்யும் பொத்தானை எந்தத் துணிச்சலில் அழுத்திப் பார்ப்பது? அதை அழுத்துவதற்கும் விண்டோஸ்தானே ஓட வேண்டும்?

இனி, உங்கள் தரவு மையங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர் டிடிபி சென்டருக்குள் நுழைந்தாலும், மூலையில் ஒரு பழைய அசெம்பிள் செட் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7. பக்க வடிவமைப்புக்குப் பேஜ்மேக்கர் 7; 2001இல் வந்த பதிப்பு, அதற்குப் பிறகு அடுத்தது வரவே இல்லை. அதில் யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ் எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இருபத்தைந்து ஆண்டுத் திருமணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக நோட்டீஸ்கள், கல்லூரி மலர்கள், முதல் பதிப்போடு நின்றுபோன புத்தகங்கள் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. மறுபதிப்புப் போட வேண்டும் என்று பதிப்பாளர் வந்தால், கடைக்காரர் அந்த மூலைக் கணினியைத்தான் தட்டி எழுப்புவார். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஒற்றெழுத்து காணாமல் போகும், கொம்பு இடம் மாறும், அட்டவணை கலைந்துவிடும், மறுபடியும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். சிறு பதிப்பாளருக்கு அது கட்டுப்படியாகாது.

அந்தக் கணினிக்கு இணையமே கொடுப்பதில்லை. வைரஸ் பயம் ஒரு காரணம்; எதையாவது புதுப்பித்து எதையாவது கெடுத்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். மூலையில் ஒரு பழைய கணினியை நிம்மதியாக ஓட விடுவது என்ற இந்த ஏற்பாட்டுக்குக் கிளவுட் இயங்குதளத்தில் இடமே கிடையாது. சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறதோ அதுதான் எல்லோருக்கும். நீங்கள் ஒரு பழைய வசதியைக் கைவிட்டால் அது உலகம் முழுவதும் ஒரே இரவில் இல்லாமல் போகும். காப்பகம் என்று யாரும் பெயர் வைக்காத பல காப்பகங்கள் எங்கள் ஊர்களில் இந்தப் பழைய செட்டுகளில்தான் உயிரோடு இருக்கின்றன. மின்வெட்டைச் சமாளிக்க யு.பி.எஸ். வைத்துக்கொண்டோம். சாலை தோண்டுகிறவர் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டால் எதை வைத்துக்கொள்வது?

உங்கள் நிறுவனர்களில் ஒருவர் 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சீனாவைப் பற்றிச் சொன்ன கருத்து இங்கே நினைவுக்கு வருகிறது. அங்குள்ளவர்கள் மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை. திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், வசூலிக்கும் வழியை அடுத்த பத்தாண்டுக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். எங்கள் ஊரிலும் அதே கதைதான். அசெம்பிள் செட் வாங்கினால் கடைப்பையனே ‘ஓ.எஸ். போட்டுத் தருவான்’, உரிமம் எங்கே என்று வாங்கியவர் கேட்டதில்லை, பல ஆண்டுகள் நீங்களும் வாசலுக்கு வந்து கேட்டதில்லை. அப்படியே ஒரு தலைமுறை விண்டோஸிலேயே வளர்ந்தது. வசூலிக்க இப்போது வழி பிறந்துவிட்டது. தாமதமானாலும் கணக்குப் பிசகாதவர்கள் நீங்கள்.

கிளவுட் கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு கிளைகள் உள்ள நிறுவனத்துக்கும், ஆறு மாதத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் அலுவலகத்துக்கும் அது தோதானது. லேப்டாப் தொலைந்தாலும் கோப்பு தொலையாது. விரும்புகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போக வேண்டியதுதானே என்று அடுத்த குரல் எழும். போகலாம், போகிறவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக அதுதான் ஓடுகிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கணினிகளை மாற்ற 2024இல் முடிவெடுத்தது. மத்திய அரசின் சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 முதல் இருக்கிறது. ஆனால் எங்கள் கணக்காளரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். டாலி, ஜி.எஸ்.டி. ஆஃப்லைன் டூல், எக்ஸெலில் ஓடும் வருமான வரிப் படிவங்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர் என்று அவர் ஒரு பட்டியல் நீட்டுவார். அதில் பாதியை விண்டோஸோடு கட்டிவைத்தது எங்கள் அரசே. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. டெல்லிக்கு எழுத வேண்டிய மடல் அது. ஆனால் வேறு வழியில்லாதவர்களிடம் வாடகை நிர்ணயிக்கும்போது, அவர்களுக்கு வேறு வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கேட்பது அதிகம் இல்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, கணக்கும் இணையமும் இல்லாமல் நிறுவி, பத்தாண்டு ஓட்டக்கூடிய ஒரு விண்டோஸ் கடையில் தொடர்ந்து கிடைக்க வேண்டும்; விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. பாதுகாப்புத் திருத்தத்தைச் சந்தாவுக்குத் தூண்டிலாக மாட்டாதீர்கள். ஐரோப்பாவுக்குக் கொடுத்த சலுகையை எல்லா நாட்டுக்கும் கொடுங்கள். ஒரு பதிப்பை மூடும் நாளில், உங்கள் சர்வரின் அனுமதி இல்லாமலே அதை மறுபடி நிறுவிக்கொள்ளும் வழியையும் திறந்துவிட்டுப் போங்கள். எந்த அரசு எந்தத் தடை போட்டாலும், ஒரு வாடிக்கையாளரின் சேவையை நிறுத்துவதற்கு முன், தன் தரவை எடுத்துக்கொள்ளக் குறைந்தது முப்பது நாள் அவகாசம் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த 2022 குறிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, கைவிடப்பட்டதா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10க்கான அந்த ஓராண்டு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 அன்று முடிகிறது. மறுநாள் அந்தக் கணினிகளின் சொந்தக்காரர்களிடம் என்ன கேட்கப்போகிறீர்கள், எவ்வளவு கேட்கப்போகிறீர்கள் என்பதைச் சில மாதங்களாவது முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். புதுக் கணினிக்குச் சீட்டுப் போட வேண்டுமா, லினக்ஸ் தெரிந்த பையனைத் தேட வேண்டுமா என்று நாங்களும் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
விண்டோஸ் 95 காலந்தொட்டு உங்கள் வாடிக்கையாளர்